மூட்டு மாற்றிக்கொள்ளலாமா? முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முடிவெடுக்கும் முன்

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்போடு எலும்பு உரசுது, மூட்டை மாத்திட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னதும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பதறிப்போய் அடுத்த வாரமே ஆபரேஷனுக்குத் தேதி கேட்கிறார்கள். இல்லையென்றால், அந்த டாக்டர் இருக்கும் பக்கமே தலைவைக்காமல் தைலம், மாத்திரை, முழங்கால் உறை என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுப்பது பயம்தான்.

தேய்மானத்துக்காகச் செய்யும் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் அவசரம் கிடையாது. இந்த மாதம் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. (முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது வேறு விஷயம். மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.) நடப்பது, தூங்குவது, படியேறுவது என்று கைவிட்டுப்போன அன்றாடத்தை மீட்டுக்கொள்ளத்தான் இந்தச் சிகிச்சை. அதனால் செய்வதா வேண்டாமா என்பதற்கான விடையில் பாதிதான் எக்ஸ்ரேயில் இருக்கும். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வலியும் எக்ஸ்ரேயும் ஏன் ஒத்துப்போவதில்லை

தொடை எலும்பின் அடிமுனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, முன்னால் முழங்கால் சில்லு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கும். தேய்மானம் என்று நாம் சொல்வது, அந்தக் குருத்தெலும்பு மெலிந்து, வெடித்து, சில இடங்களில் இல்லாமலேயே போவதை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி அதற்கு அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சியிலிருந்தும், தளர்ந்துபோன தசைகளிலிருந்தும் வருகிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. இரண்டு எலும்புக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். அதனால் எக்ஸ்ரேயை நின்றுகொண்டு எடுப்பது முக்கியம். படுத்துக்கொண்டு எடுத்தால் உடல் எடை மூட்டின் மேல் விழாது, இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்த முறையில், தேய்மானத்தை 0 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். 4 என்றால் முற்றிய நிலை. ஆனால் 4-ம் நிலையில் இருக்கும் ஒருவர் தினமும் காலாற நடந்துவிட்டு வருவார், 2-ம் நிலையில் இருக்கும் இன்னொருவர் ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பார். இரண்டையுமே மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இரண்டாமவர் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம், வலி மட்டும் கடுமை என்றால், வலி வேறெங்கிருந்தாவது வருகிறதா என்று தேட வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டுப்போனால் வலி முழங்காலில் தெரிவதுண்டு. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் காலில் வலிக்கும். இடுப்பையும் முதுகையும் தொட்டுக்கூடப் பார்க்காமல் முழங்காலை மாற்றச் சொன்னால், அவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முடக்குவாதம் கதை வேறு. அதில் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகியே இருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. தேய்மானத்தில் அந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் என்றால் முதலில் மருந்தால் நோயை அடக்க வேண்டும். அதற்கு அப்புறமும் மூட்டு மாற்ற வேண்டிவந்தால், வாத நோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசியாக வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்கும் பயாலஜிக் ஊசிகளைச் சில வாரம் தள்ளிவைத்து, அதற்கேற்பத் தேதி குறிப்பார்கள். யாரையும் கேட்காமல் மருந்தை நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு கிளம்பும், ஆபரேஷனும் தள்ளிப்போகும்.

கத்திக்கு முன்னால் செய்ய வேண்டியது

"உடற்பயிற்சி செய்யுங்க" என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. நடக்கவே முடியாதவரிடம் பயிற்சி செய்யச் சொன்னால் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் 2015-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றைப் பாருங்கள். மூட்டு மாற்றத் தகுதியானவர்கள் என்று மருத்துவர்களே சொன்ன 100 பேர். பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையும், அதைத் தொடர்ந்து 12 வாரப் பயிற்சித் திட்டமும். மற்றவர்களுக்கு அந்தத் திட்டம் மட்டும்: மேற்பார்வையோடு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, செருப்புக்குள் வைக்கும் தாங்கி, தேவைப்பட்டால் வலி மாத்திரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வலி நன்றாகவே கூடுதலாகக் குறைந்திருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் முன்னேற்றம் இருந்தது. அவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் அந்த ஒரு வருஷத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார். கடுமையான பக்கவிளைவுகள் அறுவை சிகிச்சைக் குழுவில்தான் அதிகம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆபரேஷன் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் முறையாக மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்காமல் மேசையில் ஏறுவது, கையில் இருக்கும் வாய்ப்பை வீணடிப்பது. பயிற்சி போதாமல் கடைசியில் மூட்டை மாற்றவே வேண்டிவந்தாலும் அந்த உழைப்பு வீண்போகாது. வலுவான தொடைத் தசையோடு போகிறவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்.

எதைச் செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது. இந்த இரண்டும் தொடையின் முன்தசைக்கு நல்ல தொடக்கம். மீதியை பிசியோதெரபிஸ்ட் உங்கள் காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடும். மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மறுநாளும் விடவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. ஐந்து கிலோ குறைத்தாலே முழங்காலுக்கு அது பெரிய விடுதலை.

கைத்தடி பிடிக்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. பிடிக்கிறவர்களிலும் பலர் வலிக்கிற காலின் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் தடியும் சேர்ந்தாற்போல் முன்னால் போக வேண்டும். இப்படி மாற்றிப் பிடித்த அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

ஊசிகளைப் பொறுத்தவரை, ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கை கொடுக்கும். ஆனால் போட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. தேதி குறித்துவிட்டால் ஊசி வேண்டாம். 'ஜெல் ஊசி' என்று போடப்படும் ஹயலூரானிக் அமிலத்தையும் குளுக்கோசமைன் மாத்திரைகளையும் முக்கியமான மருத்துவ வழிகாட்டுதல்கள் பல பரிந்துரைப்பதில்லை.

துளைபோட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையிலேயே மூட்டைக் கழுவினார்கள் அல்லது சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கவனித்ததில் வலியிலும் நடையிலும் வித்தியாசமே இல்லை.

சரி, எப்போதுதான் செய்வது?

ஒரு சின்ன நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். ராத்திரி வலியால் விழித்தீர்களா, எத்தனை முறை? எவ்வளவு தூரம் நிற்காமல் நடந்தீர்கள்? நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்ததா? படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினீர்களா? எத்தனை வலி மாத்திரை போட்டீர்கள்? கடைசியாக, போக வேண்டும் என்று நினைத்துப் போகாமல் விட்ட இடங்கள் எவை?

அந்தக் கடைசிக் கேள்விதான் கனமானது. "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் கிளறினால், மாடிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருப்பார்கள். குளிக்கும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கதவைத் தாழிடாமல் குளிப்பார்கள். வலி குறையவில்லை, வாழ்க்கை சுருங்கியிருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதால் கூட இருக்கிறவர்களுக்கும் தெரிவதில்லை. இந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிஷ சந்திப்பில் நீங்கள் சொல்ல மறந்ததையெல்லாம் அது சொல்லிவிடும்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் முற்றியிருக்கிறது, பயிற்சியும் மருந்தும் முறையாகப் பார்த்தாகிவிட்டது, அப்படியும் தூக்கமும் நடையும் போய்விட்டன. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் இனியும் தள்ளிப்போட நியாயமில்லை என்பது என் கருத்து. தாமதத்துக்கும் விலை உண்டு. நடக்காத காலில் தசை வற்றும். முழங்கால் முழுதாக நீளாமல் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கால் வில்லாக வளையும். நடமாட்டம் குறைந்து சர்க்கரையும் எடையும் ஏறும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு முடிந்ததோ, அதைப் பொறுத்துத்தான் பின்னால் எவ்வளவு முடியும் என்பதும் அமைகிறது. அறவே முடங்கிய பிறகு செய்துகொள்கிறவர், கொஞ்சம் முன்னதாகச் செய்துகொண்டவர் எட்டும் நிலையை எட்டுவது கடினம்.

அதேபோல் அவசரத்துக்கும் விலை உண்டு. செயற்கை மூட்டு நன்றாகவே உழைக்கிறது. 2019-ல் மூட்டு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முழு மூட்டு மாற்றங்களில் 100-க்கு சுமார் 82, இருபத்தைந்து வருஷம் தாங்கியிருந்தன. ஆனால் சின்ன வயதில் போட்டால் அதைத் தாண்டியும் வாழ்க்கை நீளும். பிரிட்டனில் 2017-ல் வெளியான கணக்குப்படி, 70 வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் 100-க்கு சுமார் 5 பேருக்குத்தான் வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களில் அது சுமார் 35 பேர். இரண்டாவது முறை மாற்றுவது முதல் முறையைவிடக் கடினம், பலனும் பெரும்பாலும் குறைவு. இதற்காக ஐம்பது வயதுக்காரர் எழுபது வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வேறு வழிகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேறு வழிகள் இரண்டு. மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். குணமாவது சீக்கிரம், முழங்காலும் இயல்பாக இருக்கும். ஆனால் இருபத்தைந்து வருஷம் தாங்குவது 100-க்கு சுமார் 70 தான். இன்னொன்று, வயது குறைந்தவர்களுக்கு, கீழ்க்கால் எலும்பை வெட்டிச் சாய்வைத் திருத்தி, பாரத்தைத் தேயாத பக்கத்துக்கு மாற்றுவது. உங்களுக்கு இவை பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள், என்ன எதிர்பார்க்கலாம்

மூட்டு மாற்று என்ற பெயரைக் கேட்டு, முழங்காலையே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் கெட்டுப்போன பல்லைச் சீவி அதன்மேல் கேப் மாட்டுவதைப் போன்றதுதான் இது. எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவி, தொடை எலும்புக்குக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேல் பெரும்பாலும் டைட்டானியம் தட்டு, இரண்டுக்கும் நடுவில் உறுதியான பிளாஸ்டிக் துண்டு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து எழுப்பி நிற்க வைப்பார்கள்.

ரோபோ பற்றி நிறைய விளம்பரம் வருகிறது. எலும்பைத் துல்லியமாக வெட்ட அது உதவுகிறது. ஆனால் அதனால் நோயாளி பின்னாளில் இன்னும் நன்றாக நடக்கிறார் என்று தெளிவாக நிரூபணம் ஆகவில்லை. "மெஷின் இருக்கா?" என்பதைவிட, "நீங்க வருஷத்துக்கு எத்தனை முழங்கால் மாத்துறீங்க?" என்று கேட்பது பயனுள்ள கேள்வி. நிறையச் செய்கிற கைக்கு நல்ல பலன் அதிகம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை. ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கும், எக்ஸ்ரேயும் அழகாக இருக்கும், ஆனால் நினைத்தது கிடைத்திருக்காது. காரணங்களில் முக்கியமான ஒன்று எதிர்பார்ப்பு. புது மூட்டு பழைய இளமைக்கால மூட்டு ஆகாது. பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலிக்கும் படிக்கும் அது தாராளம், குத்துக்காலிட்டு உட்காரப் போதாது. மண்டியிட்டால் பலருக்கு உறுத்தும். தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு திட்டு மரத்தே இருக்கும். நடக்கையில் 'க்ளிக்' சத்தம் கேட்கலாம். இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்கு இவை குறையாகத் தெரிவதில்லை. அதனால் "நல்லா ஆயிடுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தோட்டத்தில் மண்டியிட்டு வேலை செய்ய முடியுமா, தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, சைக்கிள் ஓட்ட முடியுமா என்று உங்களுக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆபத்துகளில் எல்லோரும் பயப்படுவது கிருமித்தொற்று. 100-க்கு ஒன்று, இரண்டு பேருக்கு வருகிறது. வந்தால் போராட்டம்தான். சில சமயம் போட்ட மூட்டையே எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியிருக்கும். காலில் ரத்தம் உறைவது, மூட்டு இறுகிப்போவது ஆகியவையும் உண்டு. இதில் பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சிகரெட், புகையிலையைக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பே விடுங்கள். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், ரத்தசோகை எதுவானாலும் முதலில் சரிசெய்யுங்கள். "இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு தகவல்: 2023-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களும் மூட்டு அறுவை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு குறிப்பிட்ட எடையைத் தொட வேண்டும் என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. கட்டுப்படாத சர்க்கரைக்காகவும் புகைப்பழக்கத்துக்காகவும் தள்ளிப்போடலாம் என்கிறது.

வீட்டையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கூட யார் இருப்பார்கள், கட்டிலும் கழிப்பறை இருக்கையும் எழுந்துகொள்ளத் தோதான உயரத்தில் இருக்கின்றனவா, காலில் சிக்கும் மிதியடிகளைச் சுருட்டி வைத்தாயிற்றா? வாக்கரில் நடக்க ஆபரேஷனுக்கு முன்பே பழகிவிடுங்கள், கைப்பிடியும் நிதானமும் அப்போதே வந்துவிடும்.

முதல் ஆறு வாரம் உண்மையிலேயே கஷ்டம். அந்த நாட்களில் செய்யக்கூடாத ஒரு காரியத்தை அன்பானவர்களே செய்துவிடுவார்கள்: வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகும், அப்புறம் முழுதாக நீளாமல் நொண்டியபடி நடக்க வேண்டிவரும். உயரம் வேண்டுமானால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் காற்றில் நீண்டு கிடக்கட்டும். மடக்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நீட்டுவதும் அதே அளவு முக்கியம். சுமார் ஆறு வாரத்தில் பலர் கார் ஓட்டத் தொடங்குகிறார்கள். மூன்று மாதத்தில் பெரும்பகுதி தேறிவிடும். வீக்கமும் லேசான சூடும் அதற்குப் பிறகும் சில மாதம் இருக்கலாம். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "இப்போதைக்கு வேண்டாம்" என்று முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவாக இருக்கலாம், ஒரு தேதியோடு எடுத்தால். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பயிற்சியை விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இரண்டு வாரம் நோட்டில் எழுதி, பழைய பக்கங்களோடு ஒப்பிடுங்கள். போகாமல் விட்ட இடங்களின் பட்டியல் நீண்டிருந்தால், இரண்டு நோட்டுப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மனதில் சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள், நல்ல அறுவை மருத்துவர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.